பஞ்சுமிட்டாய் கலர் கொடிகள்

செப்டம்பர் 26, வெள்ளி

மூட்டை கட்டி முடித்தாயிற்று. நாளை முதல் காலாண்டு விடுமுறை. மற்ற டீச்சர்கள் எல்லாம் ஊட்டி, ராமேஸ்வரம் என்று கிளம்புகிறார்கள். நான் என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வட்டப்பாறை எஸ்டேட்டுக்கு நடந்து ஏறப்போகிறேன். கல்லூரித் தோழி தமயந்தியின் குடும்பத்துக்குச் சொந்தமான ஏலக்காய்த் தோட்டம் அது. பல வருடமாக ஆள் வைத்துப் பார்க்காமல் காடாகிக் கிடக்கிறது. உச்சியில் காய் உலர்த்தும் பழைய ஸ்டோர் கட்டடம் மட்டும் நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்பு நானும் அவளும் அங்கே போய்த் தங்கியிருக்கிறோம். நாளை ஏறினால் இரண்டு இரவு இருந்துவிட்டுத் திங்கட்கிழமை இறங்கிவிடலாம்.

ஆதிரைக்கு ஏழு வயது. செழியனுக்கு நாலு. செழியனுக்கு வீசிங் உண்டு. அதைச் சொல்லிச் சொல்லியே மாமியார் அவனுக்கு மஃப்ளர் சுற்றி, ஜன்னலைச் சாத்தி, மண்ணில் கால்வைக்க விடாமல் கண்ணாடிச் சாமான் மாதிரி வளர்க்கிறார். பிள்ளையின் நெஞ்சு விரிய வேண்டுமென்றால் நல்ல காற்றில் நடக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஓடவைக்கும் பி.டி. டீச்சர் பேச்சு சொந்த வீட்டில் மட்டும் எடுபடாது.

என் வீட்டுக்காரர் பூபதி துணி பார்க்க சூரத் போயிருக்கிறார். வியாழக்கிழமைதான் வருவார். கொடைக்கானல் பக்கம் ஒரு காட்டேஜ், வெந்நீர் வசதி உண்டு, சிக்னல் மட்டும் கிடைக்காது என்று சொல்லியிருக்கிறேன். முழுப் பொய் இல்லை. சிக்னல் கிடைக்காது.

இன்ஹேலர் ஒன்று பைக்குள் இருக்கிறது. காரின் டேஷ்போர்டில் புதியது ஒன்று எப்போதும் கிடக்கும். அதையும் எடுத்து வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். இப்படியே போனால் நானும் மாமியார் மாதிரி ஆகிவிடுவேன்.

செப்டம்பர் 27, சனி

ஏறிவிட்டோம்! ஸ்டோரின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூரை ஒரு பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது.

காரைக் கோம்பைமேட்டில் மொக்கராசு அண்ணன் டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். அவர் பிள்ளைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"பொடுசுகளக் கூட்டிக்கிட்டா போற? மேகம் எறங்குச்சுன்னா ரெண்டு மூணு நாளைக்கு விடாதும்மா."

"திங்கக்கெழம மத்தியானம் உங்க கடையில டீ குடிப்பேன், பாருங்கண்ணா" என்றேன்.

ரயில் விளையாட்டாகத்தான் ஏறினோம். நான் இன்ஜின், செழியன் நடுப்பெட்டி, ஆதிரை கடைசியில் கார்டு. இடுப்பில் கயிறு. கார்டு கையில் என் பள்ளிக்கூட விசில். அது தவிர குப்பைப் பையும் அவள் பொறுப்பு. கிளம்பும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "நாம கொண்டுபோனது எதுவும் காட்டுல கெடக்கக் கூடாது. ஒரு நூல்கூட." அவள் சல்யூட் அடித்தாள். இந்தப் பெண்ணுக்கு வேலை கொடுத்தால் போதும், சோறு வேண்டாம்.

தோட்டம் நன்றாக இருந்த காலத்தில் வேலையாட்கள் நடந்த பாதைகள், இப்போது காட்டுமாடு நடக்கும் பாதைகள், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பாதை பிரியும் இடத்திலெல்லாம் ஒரு துணியைக் கட்டிக்கொண்டே ஏறினேன். மாமியார் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த பஞ்சுமிட்டாய் கலர் சேலை. உடுத்தத்தான் மனசு வரவில்லை, கிழிக்க நன்றாக வந்தது.

"என்னதும்மா அது?" என்று செழியன் கேட்டான்.

"ரயிலுக்குக் கொடி, சாமி. இந்தப் பக்கந்தான் போகோணும்னு இன்ஜினுக்குச் சொல்லும்."

ஒரு வளைவு விடாமல் விசில் ஊதினாள் கார்டு. பாதி வழியில் பொறுக்க முடியாமல் பிடுங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் கடைசி வரைக்கும் சுறுசுறுப்பாகத்தான் வந்தாள். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நிமிடம் பின்தங்குவதும், கயிறு இழுபடுவதும், பிறகு ஓடி வந்து சேர்ந்துகொள்வதுமாக.

"அங்க என்னடி பண்றே?"

"கார்டு வேலம்மா."

மேலே வந்து சேர்ந்ததும் குப்பைப் பையைக் காட்டி, "ஒண்ணுகூட விடல" என்றாள். நான் அடுப்பு மூட்டுகிற அவசரத்தில் வெரிகுட் சொன்னேன். பள்ளி மைதானத்திலும் இவள் இப்படித்தான். சனிக்கிழமை ஓட்டப் பயிற்சி முடிந்தால் கொடிகளையெல்லாம் பிடுங்கி எண்ணி என்னிடம் கொடுப்பது இவள் வேலை. ஒன்று குறைந்தாலும் திட்டு விழும் என்று தெரியும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நல்ல நாள். ஓடையில் குளித்தோம். செழியன் வெறும் காலோடு பாறை பாறையாகத் தாவினான். மாமியார் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ரவை உப்புமாவில் மண் விழுந்தும் இரண்டு பேரும் சண்டைபோட்டுத் தின்றார்கள். வீட்டில் இட்லிக்கு ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டும்.

ஆதிரையின் கணுக்காலில் அட்டை. உப்பு வைத்தேன். அழவில்லை. ஒரு மாதம் முன்புதான் ஷூ லேஸ் கட்டப் பழகினாள். இப்போது கண்ணில் படுகிற கயிறு, செடிகொடி, பையின் வார் எல்லாவற்றிலும் பூ முடிச்சுப் போட்டு வைக்கிறாள். அவிழ்ப்பதற்குள் என் உயிர் போகிறது.

சாயங்காலம் மேகம் இறங்கியது. ஸ்டோர் வாசலில் நிற்கும் பலாமரமே தெரியவில்லை. செழியனுக்கு லேசான இருமல். நெஞ்சுச் சளிதான். ஒரு பஃப் கொடுத்தேன். காலையில் சரியாகிவிடும்.

செப்டம்பர் 29, திங்கள்

எழுதினால் மனசு ஒரு நிலைக்கு வரும் என்று எழுதுகிறேன்.

விடிந்ததும் இறங்கத் தொடங்கினோம். மேகம் விடவில்லை, தூறல் வேறு. செழியனின் மூச்சில் விசில் சத்தம் கேட்டது. அவனை முதுகில் கட்டிக்கொண்டேன். முதல் பிரிவுக்கு வந்தபோது கொடி இல்லை. காற்றில் போயிருக்கும் என்று நினைத்து ஞாபகத்தை வைத்து இடது பக்கம் திரும்பினேன். அடுத்த பிரிவிலும் இல்லை. நான் இறுக்கிக் கட்டிய முடிச்சு, காற்றுக்கு அவிழாது. மூன்றாவதிலும் இல்லை.

குரங்கு எடுத்திருக்குமா? தேன் எடுக்க வந்த யாராவது விளையாட்டுக்குக் கழற்றினார்களா? நான் எதிரே இருந்த மரத்தைப் பார்த்துக் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன்.

"எந்த எளவெடுத்த நாய் கழட்டுச்சோ, அதோட கை அழுகிப் போகோணும்! விரல் விரலா அழுகி விழோணும்!"

என் அம்மா கோழி திருடியவனுக்கு விட்ட சாபம் இது. நாற்பது வயதுக்குப் பக்கத்தில், அதுவும் பிள்ளைகள் எதிரில், அது என் வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. செழியன் முதுகில் அழத் தொடங்கினான். ஆதிரை ஓர் அடி பின்னால் போனாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு எந்தப் பாதையில் போனோம் என்று தெரியவில்லை. ஒன்று பள்ளத்தின் விளிம்பில் போய் முடிந்தது. திரும்பினோம். இன்னொன்று முட்புதரில் முடிந்தது. திரும்பி ஸ்டோருக்கே போய்விடலாம் என்றால் அதுவும் அகப்படவில்லை. கடைசியில் இடிந்துபோன ஒரு லயன் வீடு கண்ணில் பட்டது. வேலையாட்கள் இருந்த வரிசை வீடுகளில் ஒரே ஒரு மூலைக்கு மட்டும் தகரம் மிச்சம் இருக்கிறது. அதற்குக் கீழே மூன்று பேரும் சுருண்டு கிடக்கிறோம்.

போன் அணைந்துவிட்டது. ஆதிரை கைகளை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு வெளியே எடுக்கவே மாட்டேன் என்கிறாள். பிஸ்கட் கொடுத்தால் வாயைத் திறக்கிறாள், நான்தான் ஊட்ட வேண்டியிருக்கிறது. குளிர்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மழை. நகர முடியவில்லை.

செழியனுக்கு விலா எலும்புக்கு நடுவே குழி விழுகிறது. மூச்சு இழுக்கும்போது தோள் ஏறி இறங்குகிறது. படுக்கவைத்தால் திணறுகிறான், அதனால் நெஞ்சோடு அணைத்து உட்காரவைத்துக்கொண்டே இருக்கிறேன். இன்ஹேலரைக் குலுக்கினால் உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கிறது. அழுத்தினால் இன்னும் கொஞ்சம் வருகிறது. அடுத்த முறை வருமா தெரியாது. புதியது காரில் கிடக்கிறது. டேஷ்போர்டில், டோல் ரசீதுகளுக்கு நடுவே, நீல மூடியோடு. அது மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பாதை பார்த்துவிட்டு வரலாம் என்று ஆதிரையிடம் தம்பியை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போனேன். அவன் இருமும் சத்தம் காதை விட்டுப் போனதும் என்னால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

விசிலை ஊதிப் பார்த்தேன். இந்த மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

ஆதிரை இன்று கேட்டது:

"அம்மா, சாபம் விட்டா திருப்பி எடுத்துக்க முடியுமா?"

"இப்ப எதுக்குடி அது?"

"சும்மாதான். கழட்டுனது நல்லவங்களா இருந்தா?"

"நல்லவங்க எதுக்குக் கழட்டப் போறாங்க? பேசாம தம்பி முதுகத் தடவிக் குடு."

தடவிக் கொடுத்தாள். வெறும் கையால் இல்லை. ஸ்வெட்டர் கையை இழுத்து விரலை மூடிக்கொண்டு தடவினாள். தம்பிக்கு ஒட்டிக்கொள்ளும் என்றாள். எது ஒட்டிக்கொள்ளும் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

கடவுளே, இவனை மட்டும் கீழே கொண்டு சேர்த்துவிடு. மஃப்ளர் போடுகிறேன். ஜன்னலைச் சாத்துகிறேன். மாமியார் சொல்கிறபடியெல்லாம் கேட்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

இந்தத் தாளைப் பார்ப்பவர்களுக்கு: ஏழு வயதுப் பெண் பிள்ளை. பெயர் ஆதிரை. மஞ்சள் ஸ்வெட்டர். விடியும்போது இங்கிருந்து தனியாகப் போயிருக்கிறாள். நான் அவளைத் தேடிப் போகிறேன். என்னோடு நாலு வயது மகன் இருக்கிறான், மூச்சுத்திணறல், மருந்து இல்லை. கோம்பைமேடு டீக்கடை மொக்கராசுக்குச் சொல்லுங்கள். காரில் மருந்து இருக்கிறது. கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆதிரை, நீ திரும்பி வந்து இதைப் படித்தால் இங்கேயே உட்கார். எங்கேயும் போகாதே. அம்மாவுக்குக் கோபம் இல்லை. அந்தச் சாபம் உனக்கு இல்லை கண்ணு. உனக்கு இல்லவே இல்லை.

அக்டோபர் 2, வியாழன்

அடிவாரத்து ஆஸ்பத்திரி. மேலே உள்ள தாளைக் கிழித்து லயன் வீட்டில் கல் வைத்துவிட்டு வந்தேன். அதை எடுத்து வந்து கொடுத்திருக்கிறார்கள். ஒட்டி வைத்திருக்கிறேன்.

செழியனுக்கு ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள். நெபுலைசர் மட்டும் வைக்கிறார்கள். இன்னும் அரை நாள் போயிருந்தால், என்று டாக்டரம்மா ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். நான் கண் அயர்ந்தது கொஞ்ச நேரந்தான். விழித்தபோது ஆதிரை இல்லை. பிஸ்கட் காகிதங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பறக்காமல் மேலே கல் வைத்திருந்தது. குப்பைப் பை இல்லை. காகிதங்களுக்கு நடுவே பஞ்சுமிட்டாய் கலரில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு பிரிவிலும் கயிறு இழுபட்டது. கார்டு வேலை. ஒன்றுகூட விடல. நான் வெரிகுட் சொன்னேன். அவளைப் பொறுத்தவரை ரயில் கடந்துவிட்டால் கொடி வேலை முடிந்தது, எடுத்துவிட வேண்டும். மைதானத்தில் நான் பழக்கியதும் அதைத்தான்.

அவள் காதுபடத்தான் கை அழுகிப் போகட்டும் என்று கத்தியிருக்கிறேன்.

செழியனை முன்பக்கமாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை. லயன் வீட்டை ஒட்டிய கொய்யா மரத்தில், என் இடுப்பு உயரத்தில், ஒரு கொடி. பூ முடிச்சு. நான் கட்டியதெல்லாம் என் தோள் உயரத்தில், கழுத்தை நெரிக்கிற மாதிரி முடிச்சு. இது அவளுடையது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு இன்னொன்று. கொடியைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். ஓர் இடத்துக்குப் பிறகு கொடியே இல்லை.

அங்கே நின்று விசிலை ஊதினேன். மூன்று நீளம். மைதானத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எந்தப் பிள்ளையும் எங்கிருந்தாலும் ஓடிவந்து என் எதிரே நிற்க வேண்டும். யாரும் வரவில்லை. மறுபடி ஊதினேன். மூச்சு முட்டும்வரை ஊதினேன். செழியன் தலை என் தோளில் தொங்கியது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. இவனைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கமாவது இறங்கி ஓடுவதா, அவளைத் தேடுவதா? ஒரு தாய்க்கு இப்படி ஒரு கணக்கு வரக் கூடாது. எனக்கு வந்தது.

அப்போதுதான் பாறைக்குப் பின்னாலிருந்து சின்னக் குரல் கேட்டது.

"வரமாட்டேம்மா. இன்னும் ரெண்டு இருக்கு. எங்க இருந்துச்சுன்னு தெரியல."

இரண்டு துணிகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தாள். பிறகு தானே நீட்டினாள்.

"அம்மா, அழுகுது."

மூன்று நாள் ஈரத்தில் விரல்கள் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன. அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் இருந்த எடத்துலயே கட்டிட்டா நின்னுரும்னு நெனச்சேன்."

நான் அந்தக் கைகளைப் பிடித்து என் வாயில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. "அழுகல சாமி, அழுகல. தண்ணியில ஊறுனா எல்லாருக்கும் இப்பிடித்தான் ஆகும். இங்க பாரு, அம்மா கையப் பாரு" என்று என் உள்ளங்கைகளைக் காட்டினேன். அவளுடையதைவிட மோசமாகச் சுருங்கியிருந்தன.

வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப நீயுமா கழட்டுனே?"

ஆமாம் என்றேன்.

கீழே எங்கிருந்தோ குதிரை மணிச் சத்தம் வந்தது. மலைவாழைத்தார் ஏற்றப் போகும் குதிரைகள். திங்கட்கிழமை தாண்டியும் கார் எடுக்காமல் நிற்கிறதே என்று மொக்கராசு அண்ணன், குதிரைக்காரர் அழகுமலையிடம் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். விசில் கேட்டுத்தான் அவர் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்.

"ஊதும்மா, நிப்பாட்டாம ஊது!" என்று மேகத்துக்குள்ளிருந்து கத்தினார். விசிலை ஆதிரை வாயில் வைத்தேன். அவர் வந்து சேரும்வரை அவள்தான் ஊதினாள்.

பூபதி மத்தியானம் வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். செழியன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார்.

"இன்னொரு இன்ஹேலர் எங்க, வசு?"

"கார்லங்க."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "வழி எப்படித் தவறுச்சு?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் ஆதிரை கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நாந்தாங்க கொடிய எடுத்துட்டேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நம்பினாரா தெரியாது. மறுபடி கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

வீடு. மாமியார் அந்தச் சேலை எங்கே என்று கேட்டார்.

அக்டோபர் 11, சனி

பள்ளி திறந்து முதல் சனிக்கிழமை. ஓட்டப் பயிற்சி. செழியனைப் பூபதி தன்னோடு வைத்துக்கொண்டார். ஆதிரை மட்டும் என்னோடு வந்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

பயிற்சி முடிந்து பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். கொடிகள் மைதானத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன. ஆதிரை முதல் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கைகளை இடுப்புக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"அம்மா, இது முடிஞ்சிருச்சா? எடுக்கலாமா?"

"எடு சாமி."

எடுத்தாள். அடுத்ததற்கு நடந்தாள். அங்கே போய் நின்று மறுபடி என்னைப் பார்த்தாள்.

"இது?"

ஒரே கேள்வியை இரண்டாவது தடவை கேட்கும் பிள்ளையை நான் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவேன். எல்லாருக்கும் தெரியும். இன்று அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன். ஒவ்வொரு கொடிக்கும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் எடு என்று சொன்னேன்.